தனுவின் தோளுக்கு மேலே போன குண்டு

2018 கார்த்திகை, ஞாயிறு இரவு

என் மூத்த பேத்தி டொக்டர். அடுத்தவள் வங்கியில் பெரிய வேலை. இளைய பேரன் தனு ஒரு பணக்காரரின் தனிக்காட்டில் மான் வேட்டைக்குப் பொறுப்பு. துவக்கோடு வரும் வெள்ளைக்காரரையே வரிசையில் நிறுத்துகிறவன்.

இன்று அந்த வரிசையில் ஒருவன் குடிவெறியில், ஆட்கள் நிற்கும் பக்கமே துவக்கைத் திருப்பி, ஓடுகிற மானைச் சுட்டானாம். குண்டு தனுவின் தோளுக்கு மேலே மரத்தில் பாய்ந்ததாம். தனு துவக்கைப் பறித்துக்கொண்டு அவனைத் துரத்திவிட்டான். ஆனால் அவன் முதலாளியின் மைத்துனன். அடுத்த ஞாயிறும் வருவானாம்.

“பயப்பிடாதேங்கோ அம்மம்மா, நான் தூரத்திலேயே தெரியிற ஒறேஞ்ச் சட்டையெல்லோ போட்டிருந்தனான்” என்று போனில் சிரித்தான்.

“மான் தெரிஞ்சவனுக்கு உன்ர சட்டை தெரியேல்லையோடா?”



பாரிஸ் ரூ பஜோல் தெருப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருக்கிறேன். தனு, அடுத்த வேட்டை முடிந்ததும் புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு ராசா. தலையிலிருந்து கால்வரை முழுசாய்த் தெரிய வேண்டும்.