குளத்தில் இல்லாத மீன்

மாப்ள,

கயலுடைய ஆதார் நகலைத் தேடி இன்று சாயங்காலம் பீரோவில் இருந்த மஞ்சள் பையைக் கட்டிலில் கொட்டினேன். பழைய கரண்ட் பில், யாருடைய கல்யாணத்துக்கோ வந்த பத்திரிகை, எல்லாவற்றுக்கும் அடியில் நாலாக மடித்த ஒரு தாள். பிரித்ததுமே தெரிந்துவிட்டது. வரிக்கு வரி, கீழே கறுப்புக் கறை. முந்திரி ஷெட்டில் கொட்டை உடைத்து, சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாத பால் ஏறிய உன் ஆட்காட்டி விரல், இருபது வருஷம் கழித்தும் அந்தத் தாளில் அப்படியே ஊர்ந்துகொண்டிருந்தது.

வெளிநாடு போகிறோம் என்று ஆலங்குடியில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டு, புதுக்கோட்டையில் அந்த ஏஜெண்டின் மாடி அறையில் உட்கார்ந்திருந்தோமே, அன்றைக்குக் கொடுத்த ஒப்பந்தத் தாள். நான் பேனா மூடியைக் கழற்றிவிட்டேன். நீ தாளைத் தூக்கிக்கொண்டு சன்னல் வெளிச்சத்துக்குப் போனாய்.

"அண்ணே, கடை வேலைன்னு சொன்னீங்க. அது எங்க போட்டிருக்கு?"

"எல்லாம் உள்ள இருக்குப்பா."

"உள்ளன்னா எங்கிட்டு? வெரல வச்சுக் காட்டுங்க."

"ஊரே கையெழுத்துப் போட்டுட்டு ஏரோப்ளேன் ஏறுது. நீ என்ன வக்கீலா?"

"இல்லண்ணே, முந்திரி ஒடைக்கிறவன். சொத்தைய விட்டா மொதலாளி திட்டுவாரு."

'நிறுவனம் தரும் எந்த வேலையையும்' என்ற வரியில் உன் விரல் நின்றது. அந்த இடத்தில் கறை இன்னும் கெட்டியாக இருக்கிறது. கையெழுத்துப் போடாத தாளோடு பஸ் ஏறினோம். வழி முழுக்க உன்னைத் திட்டினேன். நாலு நாள் பேசவில்லை. கையெழுத்துப் போட்டுப் போனவர்களில் ஒருவர் மாடிவீடு கட்டினார். இன்னொருவர் வருஷம் முடியுமுன் திரும்பிவந்தார். அங்கே என்ன வேலை பார்த்தார் என்று இதுவரை வாயைத் திறக்கவில்லை. நீ என்னைக் காப்பாற்றினாயா, கெடுத்தாயா என்பதில் எனக்கு இன்னமும் சந்தேகம்தான்.

சந்தேகப்படுவதை உன்னிடம் கற்றுக்கொண்டேன் என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். ஆனால் அரைகுறையாகத்தான் கற்றிருக்கிறேன். நீ தாளைச் சந்தேகப்பட்டாய். நான் ஆளைச் சந்தேகப்பட்டேன். அதிலும் பெற்ற பிள்ளையை.

கயல் இப்போது எட்டாவது. சனிக்கிழமை திறனறித் தேர்வு. பத்தியைப் படித்துக் கேள்விக்குப் பதில் தருகிற பகுதியில்தான் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள், வீட்டில் பயிற்சி கொடுங்கள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். யாரிடம் சொன்னார் பார். பத்தாவது பாஸ், பன்னிரண்டாவதில் பரீட்சை ஹாலுக்குப் போய்வந்தவன் என்ற இரண்டு தகுதியோடு மோட்டார் காயில் கட்டுகிற என்னிடம்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கி வந்தேன். தொகுதிக்கு ஒரு பத்தி, பத்துக் கேள்வி, விடையெல்லாம் கடைசியில். முதல் வாரம் கயல் பத்துக்கு ஒன்பது, பத்துக்கு எட்டு என்று எடுத்தாள். நல்ல அப்பனாக இருந்தால் மகிழ்ந்திருப்பான். எனக்கு உறுத்தியது. 'நம்ம ரத்தத்துக்கு ஒன்பது எப்படி வரும்? பின்பக்க விடையைப் பார்க்கிறாள்.' மறுநாளே ஹேக்ஸா பிளேடால் விடைப் பக்கங்களை அறுத்தெடுத்துக் கடைக்குக் கொண்டுபோய்ச் செம்புக் கம்பிப் பெட்டிக்குள் ஒளித்துவைத்தேன். தினமும் அவள் விடைகளைக் கடைக்கு எடுத்துப் போய்த் திருத்திக்கொண்டு வருவேன். பத்தியை ஒருநாள்கூடப் படித்ததில்லை. அது எதற்கு? அதுதான் விடை இருக்கிறதே!

அறுத்த பிறகு அவள் மார்க்கு சடாரென்று விழுந்தது. இரண்டு. மூன்று. மறுபடி இரண்டு.

"பாத்தியா? இத்தன நாளா காப்பிதான் அடிச்சிருக்கா," என்றேன் உன் தங்கச்சியிடம்.

"ஏங்க, பாவங்க அது. ஒக்காந்து படிக்கத்தானே செய்யிது."

"போன நோண்டியிருப்பா." போனைப் பிடுங்கி மோட்டார் டப்பாவுக்குள் போட்டுப் பூட்டினேன்.

நேற்று ஒரு குளத்தைப் பற்றிய பத்தி. குளத்தை ஏன் தூர்வாரினார்கள் என்று கேள்வி. கயல் 'கரை உடைந்ததால்' என்று எழுதியிருந்தாள். நான் அறுத்துவைத்த விடைப் பக்கத்தில் 'மீன் வளர்ப்பதற்காக' என்று இருந்தது.

"பத்தியில மீனே இல்லப்பா."

"கொளம்னா மீனு இருக்கும்ல ஆத்தா."

"இருக்கும். ஆனா இதுல போடலையே."

"போடாட்டி என்ன? உள்ளர்த்தம். அதக் கண்டுபிடிக்கத்தான் பரீட்சையே."

எனக்கே என் புத்திசாலித்தனம் பிடித்துப்போய்விட்டது, மாப்ள. கயல் புத்தகத்தை மூடினாள். இன்று காலையில் டீச்சர் ஆதார் நகல் கேட்டதைச் சொல்லிவிட்டு, "தேட வேணாம்ப்பா. நான் எழுதல. எனக்குப் படிச்சா புரியல போலருக்கு" என்றாள். அழக்கூட இல்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். நம்பிவிட்டாள். தனக்குப் புரியாது என்று அந்தப் பிள்ளை நம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் பையைக் கொட்டியதும், உன் விரல் கிடைத்ததும்.

அப்படியே கட்டிலில் உட்கார்ந்து குளத்துப் பத்தியை எடுத்தேன். காயிலுக்குப் பூசும் வார்னிஷ் பிடித்த என் விரலை முதல் வரியில் வைத்தேன். பன்னிரண்டு வரி. மழை வருகிறது, கரை உடைகிறது, மண் வந்து மூடுகிறது, ஊர் கூடித் தூர்வாருகிறது. மீன் எங்கே? இரண்டு தடவை தேடினேன். ஒரு செதில்கூட இல்லை.

புத்தகத்தையும் அவள் எழுதிய விடைகளையும் எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். விடைப் பக்கங்களை வரிசையாகப் பரப்பினேன். நான் பிளேடு போட்ட வேகத்தில் தொகுதி எண் இருந்த மேல்முனை போய்விட்டது. பென்சிலால் நானே எண் போட்டிருக்கிறேன். ஆறாம் தொகுதி விடை வேறொரு தாளோடு ஒட்டிக்கொண்டு, அறுபடாமல் புத்தகத்திலேயே தங்கிவிட்டது. அது தெரியாமல் ஏழின் விடையை ஆறு என்றும், எட்டின் விடையை ஏழு என்றும் குறித்து, நாலு நாளாக என் மகளை வேறு பத்தியின் விடையால் திருத்தியிருக்கிறேன். மறுபடி சரியாக ஒட்டிப் பார்த்தேன். ஒன்பது. எட்டு. ஒன்பது. குளத்துக்குப் பத்து.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கயலிடம் சொன்னேன்.

"அப்ப நீங்க பத்திய படிக்கவே இல்லையாப்பா?"

"படிச்சேன் ஆத்தா." பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது.

புத்தகத்தை என் முன்னால் தள்ளினாள். "மீனு எங்க போட்டிருக்கு? வெரல வச்சுக் காட்டுங்க."

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்து, 'வெல எங்க போட்டிருக்கு?' என்று நீ விளையாட்டுக்குக் கேட்பாயே, அதே குரல். எனக்கு வேறொரு தாள் ஞாபகம் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வார்டில் ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸம்மா நீட்டிய தாள். சர்க்கரையால் உன் கண் மங்கியிருந்தது. "மாப்ள, நீ படிச்சுப் பாரு" என்று என்னிடம் கொடுத்தாய். பொடி எழுத்து, இரண்டு பக்கம். முன்னும் பின்னும் திருப்பிவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன்.

"வெரல வச்சுப் படிச்சியா?"

"படிச்சேன்டா."

நீ கையெழுத்துப் போட்டாய். அப்புறம் உயிரோடு வீட்டுக்கு வரவில்லை. அந்தத் தாளில் தப்பாக ஒன்றும் இருந்திருக்காது. எல்லோரும் போடுகிற கையெழுத்துதான், அதைப் படித்திருந்தாலும் நீ போட்டுத்தான் இருப்பாய். ஆனால் அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தராசை, பத்திரிகையை, பிஸ்கட் பாக்கெட்டை, ஏஜெண்டைச் சந்தேகப்பட்டவன் நீ. என்னை மட்டும் சந்தேகப்படவில்லை.

"படிக்கல ஆத்தா. ஒருநாளும் படிக்கல," என்றேன் கயலிடம். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது.

அவள் பெரிய மனது பண்ணி, "சரி, பரீட்ச எழுதுறேன். ஆனா இனிமே திருத்துறது நீங்க இல்ல" என்றாள். உன் தங்கச்சி அடுப்படியிலிருந்து, "அப்பாடா" என்றாள். போன் திரும்பிவந்தது. பிறகு இரண்டு பேருமாக அடுத்த பத்தியைப் படித்தோம். ஒவ்வொரு பதிலுக்கும் அவள் இடத்தைக் காட்ட வேண்டும், நானும் காட்ட வேண்டும். பத்தில் எனக்கு ஆறு. என் விரல் போன வழியெல்லாம் வார்னிஷ் கறை. "புக்க நாசமாக்குறீங்கப்பா" என்று திட்டுகிறாள். ஆகட்டும்.

இதை எழுதி முடித்துவிட்டு, முதல் வரியிலிருந்து விரல் வைத்து வந்தேன். உன் ஒப்பந்தத் தாளோடு சேர்த்து மடித்து அந்த மஞ்சள் பைக்குள் வைக்கப்போகிறேன். படிச்சியா என்று நீ கேட்பாய். இதைப் படித்தேன், மாப்ள. கறை இருக்கிறது, பார்.