வெள்ளிக்கிழமைக் காய்ச்சல்

செப்டெம்பர் 8, திங்கள்

மன்னித்துக்கொள் டயறி, இவ்வளவு பிந்தித்தான் எழுத முடிகிறது. மகள் யது இப்போதுதான் தூங்கினாள்.

பள்ளிக்கூட வாசலில் அவளின் வகுப்பு ரீச்சர் சாரங்கா என்னை மறித்தார். “யதுர்ஷிகாவுக்குச் சளி போலை கிடக்கு. வெள்ளிக்கிழமை அனுப்பாதேங்கோ.”

சளியா? பின்னேரம் முழுக்கக் கிளித்தட்டு விளையாடிய பிள்ளைக்கா? அதுவும் வெள்ளிக்கிழமைச் சளி திங்கட்கிழமையே எப்படித் தெரிந்தது?

செப்டெம்பர் 9

கடையில் சிவலட்சுமி அக்கா. அவரின் மகன் நிஷாந்தனும் யதுவோடு மூன்றாம் வகுப்புத்தான். அவனுக்கும் வெள்ளிக்கிழமை காய்ச்சலாம்!

“வற்றாப்பளை அம்மாளாணை, திகதி போட்டு வாற காய்ச்சலை இப்பதான் காணுறன் பிள்ளை.”

சிரித்தோம். பிறகு சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை வலயக் கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரிகள் வந்து பிள்ளைகளை வாசிக்க வைத்துப் பார்க்கப் போகிறார்களாம். பின்தங்கிய பள்ளிக்கூடமென்று அரசாங்கம் தந்த காசில் பெயின்ற் அடித்தாயிற்று, புதுக் கதிரைகளும் வந்தாயிற்று. பிள்ளைகள் முன்னேறியதாகக் காட்டினால்தான் மிச்சக் காசு.

அப்ப என்ரை பிள்ளை?

செப்டெம்பர் 10

யதுவை வாசிக்க வைத்தேன். பாடம் முழுவதையும் பிழையில்லாமல் சொன்னாள். நடுவில் ஒரு சொல்லை விரலால் தொட்டுக் கேட்டேன் — முழித்தாள். எல்லாம் பாடமாக்கி வைத்திருக்கிறாள்! தவணைக்குத் தவணை ‘நன்று’ போட்டு அனுப்பினார்களே, அது யாருக்கு?

வயலால் வந்த யதுவின் அப்பா நிரோஜன், “ரீச்சரோடை கொழுவாதையும். பிறகு பிள்ளைதான் பேச்சு வாங்கும்” என்கிறார். அதுவும் பயமாகத்தான் இருக்கிறது.

செப்டெம்பர் 11

“அம்மா, நாளைக்கு எனக்கு எத்தினை மணிக்குக் காய்ச்சல் வரும்?”

செப்டெம்பர் 12

நானே கூட்டிக்கொண்டுபோய் விட்டேன். ரீச்சரின் முகம் கறுத்தது. பிறகு, “வாங்கோ மகள்” என்று யதுவின் தலையைத் தடவினார். அந்தத் தடவல் எனக்குப் பிடிக்கவில்லை.

பின்னேரம் யதுவின் சப்பாத்து முழுக்கச் சேறு. வந்தவர்கள் போகும்வரை அவளும் நிஷாந்தனும் பின்வளவில் பூங்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டார்களாம்.

“கெட்டிக்காரப் பிள்ளையள் எண்டு ரீச்சர் எங்கள் ரெண்டு பேரையுந்தான் தெரிஞ்செடுத்தவா அம்மா.”

செப்டெம்பர் 23

பள்ளிக்கூடப் படலையில் பதாகை: ‘நூறு வீதம் வாசிக்கும் வகுப்பு.’ மிச்சக் காசும் வருகிறதாம்.

ரீச்சருக்கு வட்சப்பில் எழுதினேன். நிரோஜன் இரண்டு தரம் வாசித்தார். “அனுப்பும்” என்றார்.

‘வணக்கம் ரீச்சர். யதுர்ஷிகாவுக்குக் காய்ச்சல் இல்லை, வாசிக்கத்தான் தெரியாது. அந்தக் காசு அவளைப் போன்ற பிள்ளைகளுக்காகத்தானே வந்தது? அவளையும் நிஷாந்தனையும் எந்த நாளில், எந்த நேரம் இருத்திச் சொல்லிக் கொடுப்பீர்கள்? கெதியாகப் பதில் போடுங்கோ.’