மார்பு வரைக்கும் வந்த கை

ஹால்வர், மினசோட்டா
ஆகஸ்ட் 21, 1987

அன்புக் கண்ணு அஸ்ட்ரிட்டுக்கு,

அப்பா எழுதறேன். இங்க நாங்க ரெண்டு பேரும் ஏதோ நடமாடிட்டு இருக்கோம், அங்க நீயும் நல்லபடியா இருப்பேன்னு நம்பறேன். அலாஸ்காவுல இருந்து நீ அனுப்பின சால்மன் டப்பா பன்னெண்டும் நசுங்காம வந்து சேர்ந்துச்சு, உங்கம்மா அதுல ரெண்டை சர்ச்சுக்குக் கொண்டுபோயிட்டா, மீதியை என் கண்ணுல காட்டாம ஒளிச்சு வச்சிருக்கா. மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு மேல நிக்குது, ஆனா மழை நேரத்துக்கு வராம பாதிக் கதிர் பொக்கு. அம்மாவோட முழங்கால் வலி அப்படியேதான் இருக்கு, டாக்டர்கிட்ட போன்னா காதுல வாங்கறதில்ல, நீ எழுதும்போது ரெண்டு வரி திட்டி எழுது, உன் பேச்சுன்னா கேப்பா.

உன் கடிதம் வந்து ஒரு மாசம் ஆச்சு, பதில் போடலைன்னு கோவிச்சுக்காதே. வசந்தம் வந்தா உங்க பள்ளிக்கூடத்து பேஸ்பாலுக்கு நீயே அம்பயரா நிக்கப்போறதாவும், எந்தெந்தத் தீர்ப்புல கால் வழுக்கும்னு அப்பா எழுதணும்னும் கேட்டிருந்தே. படிச்சப்ப எனக்குப் பெருமைதான், அன்னைக்கே உக்காந்து எழுதியிருந்தா பத்துப் பக்கம் எழுதியிருப்பேன். இப்ப சுருக்கமா சொல்றேன். முதல் ரெண்டு பேஸ்லயும் ஆள் இருந்து, அவுட்டும் ரெண்டு ஆகாம இருக்கும்போது, அடிச்ச பந்து நேரா மேல போய் உள்ளுக்குள்ளேயே சுலபமா இறங்குதுன்னா, பிடிக்கிற வரைக்கும் காத்திருக்காம அடிச்சவன் அவுட்னு கத்திடு, இல்லேன்னா வேணும்னே கீழ விட்டு ரெண்டு பேரை வெளிய அனுப்பிடுவானுங்க. ஓடறவன் பேஸை மிதிக்காம தாண்டிப் போனா, நீ கண்ணால பாத்திருந்தாலும் வாயைத் திறக்காதே, எதிர் டீம் வந்து முறையா கேட்டா மட்டும் பாத்ததைச் சொல்லு, யாரும் கேக்கலைன்னா அவன் மிதிச்ச மாதிரிதான். இருபத்தாறு வருஷமா அப்படிப் பாத்தும் பாக்காத மாதிரி நின்னு பழகினவன் உங்கப்பன். இன்னொரு தீர்ப்பு இருக்கு, அதைச் சொல்லத்தான் ஒரு மாசமா கை வரல.

நோவட்னி அண்ணன் தம்பியை உனக்குத் தெரியும், கிழக்கு ரோட்டுப் பால் பண்ணைக்காரங்க. பெரியவன் டுவேன் நம்ம ஊர் டீமுக்குப் பந்து வீசறவன், சின்னவன் கர்ட் மூணாவது பேஸ்ல நிக்கறவன். டுவேன் செத்துப்போயிட்டான். உங்கம்மா போன்ல விபத்துன்னு மட்டும் சொன்னாளாம், நான்தான் மீதியை நானே எழுதறேன்னு அவ வாயை அடைச்சு வச்சிருந்தேன்.

இதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி நடந்ததையும் சொல்லணும், அது இல்லாம இது புரியாது. எங்க பேச்சுல, ஆட்டம் ஓடற வரைக்கும் பந்துக்கு உயிர் இருக்கு, அம்பயர் ரெண்டு கையையும் தூக்கி டைம்னு கத்தினாத்தான் எல்லாம் நிக்கும். நாங்க ஆடறது பெரியவங்க ரூல், அதுல யார் விழுந்தாலும் அந்த ஓட்டம் முடியற வரைக்கும் அம்பயர் கையைத் தூக்கக்கூடாது. அந்த வருஷம் எதிர் டீம்காரன் ஒருத்தன் வேலியில மோதி அசையாம கிடந்தான், எனக்கு மனசு கேக்கல, கையைத் தூக்கிட்டேன். நம்ம பையன் ஜெயிக்கிற ரன்னுக்காக நான் நிக்கிற ஹோம் பிளேட் பக்கம் ஓடிட்டு இருந்தான், அது செல்லாம போச்சு. வேலியில விழுந்தவன் என்னடான்னா மண்ணைத் தட்டிட்டு எழுந்து பல்லைக் காட்டறான். நம்ம ஊர் மாநிலப் போட்டிக்குப் போகாம போனது என்னாலதான்னு ஆச்சு. அதுக்கப்புறம் எனக்குக் கைதூக்கின்னு பேர். காபிக் கடைக்குள்ள நுழைஞ்சா உக்காந்திருக்கிற அத்தனை பேரும் ரெண்டு கையையும் தூக்குவாங்க, பரிமாறுற பொண்ணு உட்பட. நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன், சிரிச்சுட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாம படுப்பேன். எல்லாரையும்விட அதிகமா ஓட்டினது டுவேன்தான், மனசுல விஷம் இல்லாத பய, பகடிக்குத்தான் செய்வான். இந்த ஜூலை கடைசி ஞாயித்துக்கிழமைகூட ஆட்டத்துக்கு முன்னாடி என் தோள்ல தட்டி, அண்ணே, இன்னைக்காவது கையைப் பாக்கெட்லயே வச்சிருங்கன்னுட்டுப் போனான்.

ஏழாவது இன்னிங்ஸ், மூணாவது பேஸ்ல எதிராளி ஒருத்தன் நிக்கறான். அடிச்ச பந்து டுவேனோட நெஞ்சுல நேரா வந்து பட்டுச்சு. சத்தம் எனக்கு ஹோம் பிளேட்ல கேட்டுச்சு. குப்புற விழுந்தான், தொப்பி ஒரு பக்கம் போச்சு, பந்து உருண்டு மூணாவது பேஸ் பக்கம் போச்சு. எல்லாரும் பந்தைப் பாத்தாங்க, நான் மட்டும் அவனைத்தான் பாத்தேன், என் வேலையே அதுதானே. வாய் திறந்திருந்துச்சு, மூச்சு எடுக்க முடியல. கர்ட் அப்ப பந்துகிட்ட வந்து சேரவே இல்ல, இன்னும் நாலு எட்டு இருந்துச்சு. என் கை மேல வந்துச்சு அஸ்ட்ரிட், மார்பு வரைக்கும் வந்துச்சு. அங்கேயே நிறுத்திட்டேன். கர்ட் குனிஞ்சு வெறும் கையால பந்தை எடுத்து, நிமிராமலேயே முதல் பேஸுக்கு எறிஞ்சான், சின்ன வயசுல இருந்து அப்படித்தான் எறிவான். அதே நேரம் டுவேன் எங்க இருக்கோம்னு தெரியாம முட்டி போட்டு எழுந்தான். பந்து காதுக்குப் பின்னாடி பட்டுச்சு. அண்ணன் தலையில தம்பி எறிஞ்ச பந்து.

ஆம்புலன்ஸ் அவனை ஏத்திட்டுப் போகுது, புழுதிகூட அடங்கல, எதிர் டீம் மேனேஜர் என்கிட்ட வந்து மெதுவா, மூணாவது பேஸ்ல இருந்தவன் அதுக்குள்ள ஓடி வந்து எடுத்த ரன் உண்டா இல்லையான்னு கேட்டார். உண்டுன்னு சொன்னேன். யோசிக்கக்கூட இல்ல, வாய் தானா சொல்லிடுச்சு.

ஆறு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தான், கண்ணே திறக்கல. அவன் பொண்டாட்டி ஜோலீனும் ரெண்டு பொண்ணுங்களும் ராப்பகலா அங்கேயேதான் இருந்தாங்க. அடக்கத்துக்கு எட்டு ஊர் டீம் யூனிஃபார்மோட வந்து நின்னுச்சு. சர்ச்சு கீழ்க்கட்டுல சாப்பாட்டு நேரத்துல ஒவ்வொருத்தரா வந்து என் கையைப் பிடிச்சு, ஓரின், நீங்க ரூல்படி சரியாத்தான் செஞ்சீங்க, மனசை விட்டுடாதீங்கன்னாங்க. என்கூட பேஸ்ல நின்ன அம்பயர் வெர்லினும் அதையேதான் சொன்னார். யாரும் கைதூக்கின்னு கூப்பிடல. அதே வாயால தீவனக் கடையில கர்ட்டைப் பத்தி, கண்ணு இருக்கில்ல, பாத்து எறிஞ்சிருக்கக் கூடாதான்னு பேசினாங்க. அம்பயர் சங்கத்துல இருந்து எனக்கு ஒரு கடிதம் வந்துச்சு, நெருக்கடியிலயும் நிதானம் இழக்காம சரியான தீர்ப்புக் கொடுத்ததுக்குப் பாராட்டாம், வசந்தத்துல புது அம்பயர்களுக்கு நடக்கிற வகுப்புல இதையே உதாரணமா நான் எடுத்துச் சொல்லணுமாம். உங்கம்மா அதை வாசிச்சுட்டு அடுப்பு மேல வச்சுட்டுப் போயிட்டா.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கர்ட் வந்தான். ஆள் பாதியா இளைச்சுட்டான். மாட்டுல அக்கம்பக்கத்துக்காரங்கதான் பால் கறக்கறாங்க, அவன் தொழுவத்துல ஒரு வாளியைக் கவுத்துப்போட்டு அது மேலேயே உக்காந்திருக்கான்னு அவன் பொண்டாட்டி சொல்லியிருந்தா. உள்ள வான்னேன், வரல. வாசல்ல நின்னபடியே, நான் பந்தை எடுக்கறதுக்கு முன்னாடி நீங்க அவனைப் பாத்தீங்களான்னு கேட்டான். ஒரே கேள்வி. நான் என்ன சொன்னேன் தெரியுமா, ஓட்டம் முடியற வரைக்கும் அம்பயர் ஆட்டத்தை நிறுத்தக்கூடாது தம்பி, ரூல் அப்படின்னு சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். சரி, அப்ப காரணம் நான்தான்னு சொல்லிட்டுப் போயிட்டான். முறையா வந்து கேட்டவனுக்குப் பாத்ததைச் சொல்லணும்னு உனக்கு மேல எழுதியிருக்கேனே, அதைக்கூட நான் செய்யல.

மூணு நாள் தூக்கம் இல்ல. இன்னைக்குக் காலையில அவன் தொழுவத்துக்குப் போனேன். கர்ட் அந்த வாளி மேலதான் உக்காந்திருந்தான். பக்கத்து வீட்டுக்காரர் கறந்துட்டு இருந்தார், அவரை வெளிய போகச் சொல்லிட்டு, கர்ட் முன்னாடி நின்னபடியே சொன்னேன். பாத்தேன். நீ பந்துகிட்ட வர்றதுக்கு நாலு எட்டு முன்னாடியே பாத்தேன். மூச்சு வரலன்னு தெரிஞ்சுச்சு. நான் கத்தியிருந்தா நீ எறிஞ்சிருக்கவே மாட்டே. கர்ட் தலையை நிமிர்த்தாம, அப்ப ஏன் தூக்கலன்னான். சிரிப்பாங்கன்னு தூக்கலன்னேன். ரூல் எல்லாம் அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, அந்த நேரத்துல காபிக் கடைதான் கண்ணுல தெரிஞ்சுச்சுன்னும் சொன்னேன். அப்புறம், எவ்வளவு தூரம் தூக்கினீங்க, காட்டுங்கன்னான். காட்டினேன். மார்புக்கு நேரா கையை வச்சுட்டு அவன் முன்னாடி நின்னேன், அவன் அந்தக் கையையே பாத்துட்டு இருந்தான். அடிப்பான்னு நினைச்சேன், அடிச்சிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். எழுந்தான், கவுத்திருந்த வாளியை நிமிர்த்தினான். ஜோலீன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க, என்னைச் சொல்ல வைக்காதீங்க, இனிமே இங்க வராதீங்கன்னான். சொல்லிட்டு மாட்டுகிட்ட போனான். நான் வெளிய வந்தப்புறம் கறக்கிற மெஷின் சத்தம் கேட்டுச்சு.

ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிஞ்சு ஜோலீன்கிட்ட போறேன். அவ என்ன சொன்னாலும் நின்னு கேட்டுட்டுத்தான் வருவேன். இந்த ஊர்ல எங்களுக்கு இனி எப்படி இருக்கும்னு தெரியல, உங்கம்மா கூட வர்றேன்னு சொல்றா. சங்கத்துக்கும் நடந்ததை அப்படியே எழுதிப் போட்டுட்டேன், வகுப்பும் வேண்டாம் அம்பயர் வேலையும் வேண்டாம்னுட்டேன். என்னை வந்து பாக்கணும்னு அவசரப்பட்டுக் கிளம்பாதே, பள்ளிக்கூடத்தைக் கவனி.

ரூல் புத்தகமும், ஹோம் பிளேட்டைத் துடைக்கிற சின்ன பிரஷும் தனிப் பார்சல்ல வருது. புத்தகம் முழுக்கப் படி, எல்லாம் தேவைதான். ஆனா ஒரு பிள்ளை விழுந்து எழுந்திரிக்கலன்னா ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கு கண்ணு, முழுசா தூக்கு. ரன் போனா போகட்டும், ஊரே சிரிச்சாலும் சிரிக்கட்டும். கடவுள் உன்னைக் காப்பாத்தட்டும், நல்லா சாப்பிடு, குளிருக்கு முன்னாடி ஜன்னலைச் சரிபண்ணு, அம்மாவுக்குத் திட்டி எழுத மறந்துடாதே.

உன் அப்பா,
ஓரின் ட்வெட்