மூட்டை என்று சொன்ன வாய்

அன்பு மகள் மேனகாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். பாட்டியாலாவில் குளிர் அதிகம் என்று டிவியில் சொன்னார்கள், காதை மூடிக்கொண்டு ஓடு, ரொட்டி ஒத்துக்கொள்ளாவிட்டால் கூச்சப்படாமல் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடு. நீ போன் செய்தால் நான் அம்மாவிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விடுகிறேன், அப்பாவுக்கு என்மேல் என்ன கோபம் என்று கேட்டாயாம். கோபமெல்லாம் இல்லை கண்ணு, உன்னோடு பேச எனக்கு முகமில்லை. உன் கூட்டாளி கவிநிலா உன் போனை எடுப்பதே இல்லை என்று அழுதாயாமே, அதற்குக் காரணம் நான்தான். செய்தவரே சொல்லட்டும் என்று அம்மா விட்டுவிட்டாள். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஸ்டேடியம் பக்கத்து டீக்கடையில் நாங்கள் அடிக்கும் அரட்டை உனக்குத் தெரியும். தட்டாஞ்சாவடி எடைமேடையில் பகலெல்லாம் லாரிக்கு எடை போட்டுவிட்டு வருகிறவனுக்குச் சாயங்காலம் வேறு என்ன பொழுதுபோக்கு? எந்தக் காலத்து ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியனையோ பிடித்துப் பத்து கிலோ இறக்குவோம், இந்தக் காலத்துச் சின்ன எடைக்காரன் ஒருவனை அதே அளவுக்கு ஏற்றுவோம், இரண்டு பேரையும் மோதவிட்டு எந்த ரவுண்டில் யார் விழுவான் என்று தொண்டை வறளக் கத்துவோம். அவர்கள் யாரும் நம் உப்பளம் தெருவுக்கு வந்து நம்மைக் கேட்கப்போவதில்லை. நீ ஐம்பது கிலோவிலும் கவிநிலா அறுபது கிலோவிலும் தங்கம் வாங்கி வந்தீர்களே, நீ கேம்ப்புக்குக் கிளம்பிப் போன பிறகு, சொல்தா வீட்டு இளஞ்செழியன் என்னைக் கிளறினான். அவன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து குத்துச்சண்டை போட்டவர் என்பதால் அவனுக்கே எல்லாம் தெரிந்த மாதிரி பேசுவான். "பாவாட, உம்பொண்ணும் வைத்திக்குப்பத்துப் பொண்ணு கவிநிலாவும் மோதுனா யாரு ஜெயிப்பா?" என்றான். என் மகள்தான், அவள் கைவேகம் யாருக்கு வரும் என்றேன். அந்தப் பெண்ணுக்கு எடை இருக்கிறதே என்றான். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "இன்னாய்யா எட, நான் பாக்காத எடையா? அது அறுவது கிலோ மூட்ட, எம்பொண்ணு ரெண்டாவது ரவுண்டுல எறக்கி வெச்சிடுவா" என்று சொல்லிவிட்டேன். கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு ருசித்தது, அதையும் உன்னிடம் மறைக்கக் கூடாது.

அதோடு விட்டிருக்கலாம். உனக்கு வாழ்த்து பேனர் வைக்கிறோம், என்ன எழுதலாம் என்று கடைக்காரர்கள் கேட்டபோது நானே அந்த மூட்டைப் பேச்சை எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்று அம்மா எவ்வளவோ சொன்னாள், கேட்கவில்லை. ஒரு பக்கம் உன் படம் ஆளுயரத்துக்கு, ஐம்பது கிலோ சிங்கம் என்று. இன்னொரு பக்கம் கவிநிலா படம் சின்னதாக, அறுபது கிலோ மூட்டை என்று. கீழே, சவால் விடுவது மேனகா. எழுதும்போதே எனக்குக் கூசியிருக்க வேண்டும், கூசவில்லை மேனகா. அவள் அம்மா கன்னியம்மாள் மீன் கூடையோடு தினமும் வருகிற வழியில்தான் அதைக் கட்டினார்கள்.

நீ சொல்லித்தான் வைத்தார்கள் என்று கவிநிலா நினைத்துவிட்டாள். நானும் ஐம்பதுக்கு இறங்குகிறேன், அப்புறம் மேனகா வரட்டும் என்று உங்கள் மாஸ்டரிடம் சொன்னாளாம். அவர் திட்டியும் கேட்காமல் சோற்றை நிறுத்தி, தண்ணீரைக் குறைத்து, கொளுத்துகிற வெயிலில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஓடி, மைதானத்திலேயே சுருண்டு விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். செய்தி கேட்டதும் உன் அம்மா மீன் அரிகிற கத்தியை எடுத்துப்போய்த் தன் கையாலேயே பேனர் கயிற்றை அறுத்துப் போட்டாள்.

கவிநிலா வீடு திரும்பியதும் வைத்திக்குப்பத்துக்குப் போனேன். கன்னியம்மாள் படகோரம் உட்கார்ந்து மீனைக் கூறு கட்டிக்கொண்டிருந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நான் மீனயே தராசுல வெக்கறதில்லண்ணா, கண்ணால பாத்து கூறு கட்டித்தான் விக்கறேன். நீங்க எம்பொண்ண ரோட்டுல வெச்சு எட போட்டுட்டீங்களே" என்றாள். எத்தனை வருஷமாக எடை போடுகிறவன், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவள் வீட்டுக்குள் போனேன்.

உள்ளே கவிநிலா பாயில் படுத்திருந்தாள், முகம் சுருங்கிச் சின்னதாகிவிட்டது. பக்கத்தில் கஞ்சி ஆறிக் கிடந்தது. மேனகாவுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாதும்மா, எல்லாம் என் வாய்க்கொழுப்பு, மன்னித்துவிடு என்றேன். "மெய்யாலுமே அவளுக்குத் தெரியாதா மாமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்புறம் சுவர்ப் பக்கம் பார்த்தபடி, "நாங்க எப்பவோ மோதிட்டோம் மாமா, மாஸ்டர் ஊர்ல இல்லாதப்ப, பிராக்டீஸ் ஹால் கதவ சாத்திக்கினு. யாரு ஜெயிச்சான்னு வெளிய சொல்லக்கூடாதுன்னு ரெண்டு பேரும் சத்தியம் பண்ணிக்கினோம்" என்றாள். அந்த பேனரைப் பார்த்த பிறகும் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வார்த்தையில் என் வாயை அடைத்திருக்கலாம், செய்யவில்லை. நான் எழுந்து வரும்போது கஞ்சியைக் கிட்டே இழுத்தாள், குடித்தாளா என்று நின்று பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

கண்ணு, இந்தக் கடிதம் கிடைத்ததும் அவளைக் கூப்பிடு, இந்தத் தடவை எடுப்பாள் என்று நினைக்கிறேன். எடுக்காவிட்டால் அவள் அம்மா நம்பருக்குப் போடு. சாப்பிடச் சொல், நீ சொன்னால்தான் கேட்பாள். என்னைப் பற்றி என்ன திட்ட வேண்டுமோ இரண்டு பேரும் சேர்ந்து திட்டுங்கள். நீ ஐம்பதிலும் அவள் அறுபதிலும் கை ஓங்கி, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு நூறு வருஷம் நன்றாயிருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு மோதினீர்களே, அதில் யார் ஜெயித்தது என்று அப்பாவிடம் எந்நாளும் சொல்லிவிடாதே. நானே கேட்டாலும் சொல்லாதே.

தலைகுனிந்து உன்னை வாழ்த்தும்
அப்பா பாவாடை
உப்பளம், புதுச்சேரி