போ என்றால் வா

என் ரோசியக்காவுக்கு,

உன் பாட்டைக் கோர்ட்டில் போட்டார்கள். அங்கே, இஸ்ரேலில், அரங்கத்தில் கூட்டம் எழுந்து நின்று உன்னோடு சேர்ந்து பாடிய அதே எபிரேயப் பாட்டு. இங்கே அது ஒரு வக்கீலின் செல்போனிலிருந்து, கரகரவென்று, உன்னைக் கொன்றவனைக் காப்பாற்றுவதற்காகக் கேட்டது.

அவன் பெயரை நான் எழுதப் போவதில்லை. உன் புருஷன், உன் மகள் ஜெனியின் அப்பா, அரியாங்குப்பத்தில் பைக் மெக்கானிக். படிக்கிறவர்களுக்கு இவ்வளவு போதும்.

வக்கீல் சொன்னது இதுதான். பெண்டாட்டி உலகத்துக்கே கேட்கும்படி புருஷனைப் 'போ, போ' என்று பாடினாள். அந்த அவமானத்தில் திடீரென்று கை மீறிவிட்டது. இது கொலை இல்லை, ஆத்திரம். நீதிபதி அதை ஒப்புக்கொண்டால் சில வருஷத்தில் அவன் வெளியே வந்துவிடுவான். வந்ததும் ஜெனியைக் கேட்டு என் வாசலில் நிற்பான். இத்தனை நாள் என்னைத் தூங்கவிடாதது அது ஒன்றுதான்.

கல்யாணமான முதல் வருஷமே உன் இடது காதில் அறைந்தான். "விசில் சத்தம் நிக்கவே மாட்டேங்குதுடி" என்றாய். அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் கோயில் பாடற்குழுவில் சுருதி பிடித்தாய். அப்புறம் அயர்ன் பாக்ஸ். அப்புறம் தாடை. கம்பி போட்டுக் கட்டிய வாயோடு ஸ்ட்ராவில் கஞ்சி குடித்தபோதுகூட மூக்கால் முனகிக்கொண்டிருந்தாய். அது பாட்டா, வலியா? நான் கேட்கவில்லை. அம்மா உன்னை மறுபடியும் ஆட்டோ வைத்து அவன் வீட்டில் கொண்டுபோய் விட்டாள்.

நர்சிங் படிப்பு உன்னைக் காப்பாற்றியது. இஸ்ரேலில், ஹைஃபா நகரத்தில், ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த அம்மாவின் ஒரே மகன் போரில் செத்தவன். முழு உடம்பாகக்கூட அவன் வீடு வரவில்லை என்றாய். அவளுக்கு ஞாபகம் போய்விட்டதால் அது தெரியாது. தினமும் மத்தியானம் பால்கனியில் நின்று, சூப் ஆறுகிறது, போ, போ, என்று கத்திக் கூப்பிடுவாள்.

"ஏய் மார்த்தா, இந்த ஊர்ல போன்னா வான்னு அர்த்தம்டி."

"அப்ப நீ எங்களை விட்டுட்டு வந்துட்டியா, போயிட்டியா?"

"கொழுப்புடி உனக்கு. வைடி போனை."

அந்தக் கூப்பாட்டைத்தான் நீ பாட்டாக்கினாய். அவளை அமைதிப்படுத்த, அவள் முதுகைத் தடவிக்கொண்டே பாடியது. பேத்தி அதைப் படம் பிடித்தாள். அப்புறம் டிவி போட்டி, ரேடியோ, கல்யாண மண்டபங்கள். இந்தியாக்காரி நாக்கை உருட்டுகிறாள் என்று முதலில் சிரித்தார்களாம். பிறகு அந்த ஊர்ப் பெண்களே உன்னைப் போல உருட்டிப் பாட ஆரம்பித்தார்கள். மகனைப் புதைத்த தாய்கள் மேடைக்குப் பின்னால் வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்று ஒருமுறை சொன்னாய்.

எதிர்க் கட்டடத்தில் ராக்கெட் விழுந்த அன்று நான் போனில் அழுதேன். சுவர் பிளந்து, யாரோ ஆணியில் மாட்டிய சட்டை தெருவைப் பார்த்துத் தொங்கியது என்றாய். கீழே படிக்கட்டில் ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"பயமா இல்லியாக்கா?"

"இங்க குண்டு விழறதுக்கு முன்னாடி சைரன் ஊதறாங்கடி. எங்க வீட்ல அதுகூடக் கிடையாது."

உன் பாட்டு இங்கேயும் வந்தது, செல்போன் செல்போனாக. யாருக்கும் எபிரேயம் தெரியாது. எல்லாருக்கும் ஒரு சொல் மட்டும் புரிந்தது. ஒர்க்‌ஷாப்புக்குப் பக்கத்து டீக்கடையில் அவனை விடவில்லை.

"இன்னா மாமே, உன் பொண்டாட்டி ஃபாரின்லருந்து போ போன்னு துரத்துதாமே. நீ இன்னும் கிளம்பலையா?"

"டேய், மியூசிக் போட்டு வேற துரத்துதுடா!"

அவனும் அங்கே சிரித்தானாம். அந்தச் சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து உனக்காகப் பத்திரமாக வைத்திருந்தான்.

ஜெனியை உன்னோடு கூட்டிப்போக வந்தாய். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அவளுடைய துணிமணிகளை எடுக்க நாம் இருவரும் அரியாங்குப்பம் போனோம். ஜெனியை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனது கடவுள் செயல். நாம் உள்ளே நுழைந்ததும் அவன் எழுந்து வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டான். டிவி சத்தத்தைக் கூட்டினான். பின்கட்டுக்குப் போய் ஸ்பேனரோடு வந்தான். அதற்குப் பிறகுதான் கேட்டான்.

"யாரைடி போன்னு சொன்ன?"

நீ சிரித்துவிட்டாய். "அய்ய, அந்த ஊர்ல போன்னா வான்னு அர்த்தம்யா."

முதல் அடி வாயில். பற்கள் தரையில் தெறித்த சத்தம் டிவி சத்தத்தையும் மீறிக் கேட்டது. நான் அவன் கையைப் பிடித்தேன். என் மணிக்கட்டை உடைத்தான். உள்ளே வைத்த பிளேட் இப்போதும் குளிர் நாளில் குத்துகிறது. நீ விழுந்த பிறகும் அவன் நிறுத்தவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து உன் தொண்டையை மட்டும் அடித்தான், நசுங்கிப்போன போல்ட்டைக் கழற்றுகிறவன் மாதிரி, பொறுமையாக. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்தபோது அவன் கைகழுவிக்கொண்டிருந்தான்.

சாட்சி சொல்லப் போகும் முன் அரசு வக்கீலம்மா என்னிடம் சொன்னார்: "மேடம், போன்னா வான்னு அர்த்தம், புருஷனைத்தான் ஆசையா கூப்பிட்டாங்கன்னு சொல்லுங்க. கேஸ் நிக்கும்." அம்மாவும் அதையே சொன்னாள். "அவனைத்தான் கூப்பிட்டான்னு சொல்லிடு மார்த்தா. பத்தினிப் பொண்ணுன்னு நாலு பேர் அழட்டும்."

நானும் தலையாட்டிவிட்டுத்தான் கூண்டில் ஏறினேன். பாட்டு ஓடியது. அவன் குனிந்து கண்ணைத் துடைத்தான். எனக்கு மணிக்கட்டு வலித்தது.

"இந்தப் பாட்டுல வர்ற 'போ'வுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார் அவனுடைய வக்கீல்.

"வா-ன்னு அர்த்தம் சார்."

"அது என் கட்சிக்காரருக்குத் தெரியாதில்ல? அவர் காதுல போன்னுதான விழுந்திருக்கும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது அக்கா. நான் எதை நிரூபிக்க வந்தேன்? 'வா' என்று பாடியதால் நீ சாகத் தகாதவள் என்றால், 'போ' என்று பாடியிருந்தால் தகுமா? உன்னை நல்லவள் ஆக்கித்தான் உன் சாவைக் கொலை ஆக்க வேண்டுமா?

"சார், அவ புருஷனைக் கூப்பிடல. ஒரு கிழவியோட செத்துப்போன பிள்ளையைக் கூப்பிட்டா. அந்தப் பாட்டுல இவன் இல்லவே இல்ல. போன்னே பாடியிருந்தாலும் அதுக்குப் பதில் ஸ்பேனர் கிடையாது."

அரசு வக்கீலம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. "திடீர்னு ஆத்திரம்னு சொல்றீங்க. அவன் முதல்ல தாழ்ப்பாள் போட்டான். அப்புறம் டிவி சத்தத்தைக் கூட்டினான். அப்புறம் உள்ள போய் ஸ்பேனரைத் தேடி எடுத்தான். அதுக்கப்புறம்தான் சார் ஆத்திரப்பட்டான்."

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு, "மறுபடியும் சொல்லுங்கம்மா, எது முதல்ல?" என்றார். சொன்னேன். நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னேன். எதிர்க் கூண்டிலிருந்து அவன், "வெளிய வந்து உன் வாயையும் உடைக்கிறேன்டி" என்று கத்தினான். போலீஸ்காரர் அவன் தோளைப் பிடித்து அழுத்தினார். அவன் கண்ணில் அப்போது ஈரம் இல்லை.

இன்று காலை தீர்ப்பு. கொலைதான் என்றார்கள். ஆயுள் தண்டனை. மேல்முறையீடு போவானாம், போகட்டும்.

எனக்கு சந்தோஷம் வரவில்லை அக்கா. கருவடிக்குப்பத்தில் நம் வீட்டுக்கு வந்து சேரும்வரை ஸ்கூட்டரில் ஜெனி பின்னால் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் இறங்கியதும் கேட்டாள்:

"சித்தி, அம்மா அவரை ஒரு தடவகூட போன்னு சொல்லலையா? நெஜமாவே?"

"இல்லம்மா."

"சொல்லியிருக்கலாம்ல."

அக்கா, உனக்கு யார் அந்தச் சொல்லைக் கொடுத்தோம்? ஆட்டோ வைத்து உன்னைத் திருப்பி அனுப்பிய நாம் எல்லாரும் உனக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு அல்லவா?

உன் மகளை நான் அப்படி வளர்க்க மாட்டேன். உன் பாட்டை அவள் பாடினாலும் சரி, பாடாவிட்டாலும் சரி. எவனாவது அவள்மேல் கை வைத்தால் முதல் நாளே போடா என்பாள், அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி. அன்றைக்கு அவள் வீடு திரும்பினால், எதற்கு வந்தாய் என்று இந்த வீட்டில் யாரும் கேட்க மாட்டோம். அம்மா உள்பட.

உன்கூடப் பிறந்தவள், இனி உன் மகளுக்கு அம்மா,
மார்த்தா