கடலிலிருந்து தெரியும் விளக்கு

இல்லை ஜெரோசன், ஒருவரும் என்னைத் தேடி வரவில்லை. கந்தோரில் பெயரும் விலாசமும் எழுதிக் கொடுத்தது நான்தான். வந்தது தபால்காரர் மட்டும். போனில் நீ கேட்டபோது சொல்லத் தொடங்கினேன். நீ ஓம் ஓம் என்றபடி சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாய், அது எனக்குக் கேட்டது. அதனால் எழுதுகிறேன். நீ கேட்ட பிறப்புச் சான்றிதழைப் பதிவுத் தபாலில் அனுப்பத்தானே வேண்டும், உறையில் இடம் இருக்கிறது. அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, கழுத்தை மூடிக்கொண்டு, சுகமாகத் திரிகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். அந்தோனியார் பார்த்துக்கொள்வார். இங்கே மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. வாடைக்காற்று இரண்டொரு நாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

அந்தக் காற்றுத்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். நீ இங்கே இருந்த காலத்தில் அப்பா விடியப்புறம் இருட்டோடு கரைக்கு வருவார். போன வருடத்திலிருந்து அப்படி இல்லை. கரையோரக் கடலுக்குள் கிடக்கிற கல்லுக்கு வெளியே நங்கூரம் போட்டுவிட்டு, வெளிச்சம் வரும்வரை வள்ளத்தில் இருக்கிறார். மற்றவர்களும் அப்படித்தான். ஏன் என்று கேட்டால் 'லைற் இல்லை' என்பார். எந்த லைற் என்றால் 'கரை லைற்'. அதற்கு மேல் அவரிடமிருந்து சொல் வராது என்பது உனக்குத் தெரியும். கல்லை வெட்டி எடுத்த வான் என்கிற அந்த ஒடுங்கிய வாய்க்கால் வழியாகத்தான் உள்ளே வரவேண்டும், அதன் அகலமும் உனக்குத் தெரியும். சோளகக் காற்றுக் காலத்தில் வெளியே காத்திருக்கலாம், கடல் குளம் மாதிரிக் கிடக்கும். வாடையில் அப்படி நிற்க முடியாது. போன மார்கழியில் ஒரு காலை வந்து படியில் இருந்தார். நனைந்த துவாயைப் பிழியாமல் கையிலேயே வைத்திருந்தார். தேத்தண்ணி ஆறும்வரை குடிக்கவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வாடைக்கு முன் அந்த லைற் ஏன் எரியவில்லை என்று அறிந்துவிட வேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டேன்.

வழி காட்டியது உன்னுடைய சான்றிதழ்தான். அதற்காகப் பிரதேச செயலகத்தில் காத்திருந்தேன். வாங்கில் இருந்தால் எதிரே சுவர். சுவரில் தகவல் அறியும் சட்டம் பற்றி ஓர் அறிவித்தல். அரச கந்தோரில் உள்ள எந்தத் தகவலையும் பிரசை ஒருவர் எழுதிக் கேட்கலாம், ஏன் கேட்கிறார் என்று சொல்லத் தேவையில்லை. சொல்லத் தேவையில்லை என்ற இடத்தைத் திரும்பவும் வாசித்தேன். யோசித்துப் பார்த்தால், இவ்வளவு காலமும் கந்தோர்கள்தான் என்னைக் கேட்டிருக்கின்றன. வீட்டில் எத்தனை பேர். மகன் எங்கே. எப்போது போனவன். ஏன் போனவன். சீருடை போட்டவர்களும் கேட்டார்கள், போடாதவர்களும் கேட்டார்கள். நான் கேட்டு, அவர்கள் இருந்து பதில் எழுதுவது என்பது எனக்குப் புதினமாக இருந்தது. பயமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் புதினம் கொஞ்சம் கூட.

லைற் சபையின் பொறுப்பு என்றபடியால் பிரதேச சபைக்குப் போனேன். தகவல் கொடுக்கிற மேசையில் தனுஷா என்று ஒரு பிள்ளை. கடல் இல்லாத அளவெட்டிப் பிள்ளை, வேலைக்கு வந்து அதிக காலம் இல்லை. படிவத்தைத் தந்து, கதிரையையும் இழுத்துத் தந்தாள். கரையில் எரியாமல் நிற்கும் லைற் போஸ்ற் யாருடையது, எப்போது பழுதானது, திருத்தச் சொல்லி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று எழுதினேன். வாசித்துவிட்டு, 'ஏன் அன்ரி இதைக் கேக்கிறியள்' என்றாள். 'அது சொல்லத் தேவையில்லை எண்டு சுவரிலை ஒட்டிக் கிடக்குப் பிள்ளை' என்றேன். அவள் சிரித்துவிட்டுப் பற்றுச்சீட்டுத் தந்தாள். எனக்குப் பெரிய பெருமை. பஸ்ஸில் இடம் கிடைத்தும் இருக்காமல் நின்றுகொண்டே வந்தேன்.

பதில் வந்தது. கடித உறையில் என் பெயர், திருமதி என்று போட்டு. போஸ்ற் சபையுடையது, திருத்தக் கேட்டு இதுவரை ஒருவரும் எழுதவில்லை, இனித் திருத்தப்படும். சொன்னபடியே ஆட்கள் வந்தார்கள். வெள்ளை வெளிச்சம், ஊசி விழுந்தால் எடுக்கலாம். மீன் தெரிந்து பிரிக்கிற பெண்களுக்கு வசதி, ரியூசன் முடிந்து வருகிற பிள்ளைகளுக்கு வசதி. கடற்றொழிலாளர் சங்கச் செயலாளர் லியோன் நடுக்கரையில் நின்று, 'சங்கம் கேட்டு வராத லைற் மரியநாயகி கேட்டு வந்திட்டுது, வாற முறை தலைவர் நீங்கள்தான் அக்கா' என்றார். அப்பா நிமிர்ந்து பார்த்தார். 'வடிவா எரியுது' என்றார். கடலுக்குப் போய்விட்டார்.

அடுத்த நாளும் விடிந்த பிறகுதான் வந்தார். அதற்கு அடுத்த நாளும். எனக்கு மனம் நொந்தது. நான் செய்ததை ஏற்க விருப்பமில்லாமல் வேண்டுமென்று வெளியே நிற்கிறாரோ என்றுகூட நினைத்தேன். அந்தக் கிழமைதான் சந்தியோகு அண்ணையின் வள்ளம் கல்லில் ஏறியது. பயப்படாதே, ஆளுக்கு ஒன்றும் இல்லை. வள்ளத்தின் பக்கம் பிளந்துவிட்டது, நெஞ்சளவு தண்ணீரில் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார், பின்னால் வந்தவர்கள் இழுத்து எடுத்தார்கள். கோயில் சிலுவை லைற்றுக்கு நேர் கீழே கரை லைற் வரவேண்டும், வந்தால் வானுக்குள் நிற்கிறோம் என்பது அவர்களுடைய கணக்கு. அன்று மழை இருட்டு. ஒரு வெளிச்சம் தெரிந்தது. அதைச் சிலுவைக்கு நேர் பிடித்து வந்துவிட்டார். பின்னேரம் எங்கள் முற்றத்தில் வந்திருந்து, முழங்கையில் மருந்துத் துணியோடு, 'உன்ரை லைற்றைப் பாத்துத்தான் பிள்ளை வந்தனான்' என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அவர் போனபிறகு அப்பாவைக் கேட்டேன். 'நீ கேட்டது போஸ்ற் லைற். நான் சொன்னது வேறை' என்றார். வேறை என்றால் எது. 'அங்கையிருந்து பாத்தால்தான் விளங்கும்.' அப்படியென்றால் என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். பெருநாளுக்குப் பயணம் போக ஏறுவோம், அது வேறு. தொழில் வள்ளத்தில் பெண்கள் கால் வைப்பதில்லை, வைத்த வள்ளத்துக்கு மீன் படாது என்று உன் அப்பாவின் அப்பா காலத்திலிருந்து சொல்கிறார்கள். அவர் எழும்பிப் போய்விட்டார். முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த நாள் மாலை கரைக்கு வரச் சொன்னார். போய்ப் பார்த்தால், வலை முழுவதையும் இறக்கி மணலில் வைத்திருந்தார், ஐஸ் பெட்டி, மிதப்பு, கயிறு எல்லாம் வெளியே. 'இப்ப இது தொழில் வள்ளம் இல்லை, ஏறு' என்றார். சந்தியோகு அண்ணை வலையில் சாய்ந்திருந்து, 'நாளைக்கு மீன் படாட்டி ஏன் படேல்லை எண்டு கவுண்மேந்துக்கு எழுதிக் கேக்கவேணும், மரியநாயகி' என்றார். நாலு பேர் சிரித்தார்கள். ஏறினேன்.

பொழுது பட்ட நேரம். வானைத் தாண்டி நிறுத்தினார். திரும்பிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரிந்த இடமாக இல்லை. இத்தனை வருடம் இருந்த ஊர், அந்தப் பக்கத்திலிருந்து வேறொருவருடைய ஊர். எங்கள் வீடு தெரியவில்லை. பள்ளிக்கூடம் தெரியவில்லை. மரங்கள் ஒரு கறுப்புக் கோடு. மேலே கோயில் சிலுவையில் சின்ன வெளிச்சம். கிழக்கே தள்ளி என்னுடைய வெள்ளை வெளிச்சம், துருத்திக்கொண்டு. அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார். 'சிலுவைக்கு நேர கீழை. இருட்டாக் கிடக்குதே, அங்கை.' அங்கே ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்த பிறகு கூரை ஒன்று பிடிபட்டது. மீன் ஏலம் கூறுகிற மண்டபம். ஏலம் பெரிய றோட்டுக்கு மாறியபின் பூட்டிக் கிடக்கிறதே, அது. அதன் முகட்டில் கடலைப் பார்த்தபடி ஒரு மஞ்சள் பல்ப் இருந்ததாம். ஊர்ப் பக்கமிருந்து பார்த்தால் மண்டபத்தின் முதுகுதான் தெரியும். நான் தினமும் அதைக் கடந்து கடைக்குப் போகிறேன். ஒரு நாளும் கண்டதில்லை. எப்போதிலிருந்து இதைப் பார்த்து வருகிறீர்கள் என்றேன். 'மண்டபம் கட்டின நாளிலையிருந்து.' ஏன் எனக்குச் சொல்லவில்லை என்றேன். 'நீ கேக்கேல்லை.' கோபமாகச் சொல்லவில்லை. நான் தனுஷாவை நினைத்தேன். அவள் ஏன் என்று கேட்டாள், நான் சொல்லவில்லை. சட்டம் சொல்லத் தேவையில்லை என்றுதான் சொல்கிறது. சொல்லக்கூடாது என்று சொல்லவில்லையே. வள்ளம் வருவதற்கு என்று ஒரு வரி எழுதியிருந்தால், யாராவது எந்த லைற் என்று திரும்பக் கேட்டிருப்பார்கள்.

திரும்பச் சபைக்குப் போனேன். இந்த முறை கேட்காமலே எல்லாம் சொன்னேன். அப்பாவையும் சந்தியோகு அண்ணையையும் கல்லையும் சொன்னேன். படிவத்தின் பின்பக்கத்தில் படமும் கீறினேன், கோயில், மண்டபம், போஸ்ற், வான். தனுஷா கடல் பார்த்தது கீரிமலையில் மட்டும்தானாம். தாளைத் தலைகீழாகத் திருப்பிக் கடல் பக்கத்திலிருந்து பார்த்தாள். 'லைற் எண்டால் அதுக்குக் கீழை ஆர் நிக்கினம் எண்டுதான் அன்ரி நாங்கள் பாப்பம், தூரத்திலை ஆர் பாக்கினம் எண்டு பாக்கிறேல்லை' என்றாள். அந்தப் பிள்ளை சொன்னது இன்னும் என்னோடு நிற்கிறது. மண்டபத்து லைற் ஏன் நின்றது என்று காட்டும் பதிவின் பிரதியைக் கேட்டேன், வந்தது. தேர்தல் நடக்காமல், உறுப்பினர்கள் இல்லாமல் சபை நடந்த காலத்தில் எடுத்த முடிவு. பாவனையில் இல்லாத கட்டடம், மின்சாரம் துண்டிக்கப்படுகிறது, பூட்டின் திறப்பு கடற்றொழிலாளர் சங்கத்திடம் ஒப்படைக்கப்படுகிறது. அவ்வளவுதான். ஒருவரும் ஒரு கெடுதியும் நினைக்கவில்லை. அந்தக் கதிரையில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன், வெறும் மண்டபத்துக்கு ஏன் லைற். திறப்பைப் பற்றி லியோனிடம் கேட்டேன். 'ஓம், என்ரை மேசை லாச்சிக்கை கிடக்கு. ஒருத்தரும் கேக்கேல்லை' என்றார். அப்பாவைப் போலவே சொன்னார். இந்த ஊர் ஆண்களை என்ன செய்வது என்று தெரியவில்லை.

இனி நடக்க வேண்டியது தகவல் இல்லை, வேலை. அதற்கு இந்தச் சட்டம் உதவாது, தனியாக விண்ணப்பம் எழுத வேண்டும். மண்டபத்து முகட்டு லைற்றுக்கு மின்சாரம் திரும்ப வேண்டும். போஸ்ற் லைற்றை அணைக்கச் சொல்ல எனக்கு மனம் இல்லை, பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் நடக்கிறார்கள். கடல் பக்கம் ஒரு தகரம் மறைத்தால் போதும் என்று அப்பா சொன்னார். இரண்டையும் எழுதினேன். பிரேரணை இந்த மாதக் கூட்டத்துக்கு வருகிறது. வெல்லுமா என்று தெரியாது, ஓர் உறுப்பினர் இப்போதே செலவு என்கிறாராம். பார்வையாளர்களுக்கு வாங்கு இருக்கிறது என்று தனுஷா சொன்னாள், போய் இருக்கப் போகிறேன். எங்கள் வானைப் பற்றி மேசையைச் சுற்றியிருந்து என்ன கதைக்கிறார்கள் என்று கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது. அப்பா விண்ணப்பத்தை வாசித்துவிட்டு, 'வான் எண்டதைக் கொஞ்சம் பெரிசா எழுது' என்றார். நானும் பெரிதாக எழுதினேன்.

நீ உன் விசாப் பத்திரம் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் வருடக்கணக்கில் இருக்கிறாய். கேட்டால் கோபிப்பார்களோ என்று பேசாமல் இருக்கிறாய். அந்த நாட்டிலும் கேட்பதற்கு ஒரு வழி வைத்திருப்பார்கள், விசாரித்துப் பார். எழுதிக் கேள், பற்றுச்சீட்டு வாங்கு. எதற்காகக் கேட்கிறாய் என்பதையும் சொல்லு, என்னைப் போல விட்டுவிடாதே. சான்றிதழில் பிறந்த திகதியை ஒரு தரம் சரிபார், இங்கே ஒரு முறை பிழையாக அடித்துத் தந்து திருப்பிக் கொடுத்தேன். மொழிபெயர்ப்பவரிடம் மூலப் பிரதியைக் கொடுத்துவிடாதே. குளிருக்கு வெறுங்காலோடு நிலத்தில் நிற்காதே. உன்னைச் சுமந்த நாளிலிருந்து சொல்கிற அதே செபத்தைத்தான் இன்றும் சொல்லி முடிக்கிறேன், போகிற இடமெல்லாம் உனக்கு முன்னால் ஒரு வெளிச்சம் போகட்டும். அப்பாவும் அன்பைச் சொல்லச் சொன்னார், சொல்லவில்லை என்றாலும் அதுதான்.

உன் அம்மா
அ. மரியநாயகி

உறை ஒட்டுமுன் இதையும் எழுதிவிடுகிறேன். நேற்றுப் பின்னேரம் லியோனிடம் திறப்பை வாங்கினேன். மண்டபத்துக்குள் ஏணி வைத்து ஏறி, வீட்டில் இருந்த சார்ஜ் லைற்றைக் கடல் பக்க முகட்டில் கயிறு போட்டுக் கட்டினேன். கட்டியிருக்கிறேன் என்று அப்பாவிடமும் மற்றவர்களிடமும் சொன்னேன். இன்று விடியப்புறம் இருட்டோடு வானுக்குள் எஞ்சின் சத்தம் கேட்டது. எழும்பி அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.