நூற்று அறுபதில் என் பங்கு

நேற்று காலை, ஓடும் காலணியை வெயிலில் வைப்பதற்காக உள்ளே இருக்கும் மெத்தையை உருவினேன். அடியில் லாரி எடைமேடைச் சீட்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஓடுவதற்கென்றே விற்கிற கால்சட்டையில் பை வைப்பதில்லை. ஓடுகிறவனுக்கு இந்த உலகத்தில் எதுவும் தேவைப்படாது என்று தைத்தவர் முடிவு செய்துவிட்டார். அதனால் சீட்டைக் காலணிக்குள் வைத்தேன், மறந்தும் போனேன். எட்டு மாதமாக அங்கேயே இருந்திருக்கிறது. வியர்வையில் பாதி எழுத்து போய்விட்டது. மிச்சம் இருப்பது இவ்வளவுதான்: சரக்கு, பலா. மொத்த எடை, 160 கிலோ.

அந்தப் பலா நாம் இருவர்தான்.

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. எனக்கு இருப்பதைத் துக்கம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், துக்கத்துக்கு ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது. ஆனால் இது வேறு. பட்டப்பகலில் விளக்குக் கம்பத்தில் போய் முட்டிக்கொண்டவன், நெற்றியைத் தடவியபடி கம்பத்தையே பார்ப்பான் இல்லையா, இது எப்படி இங்கே வந்தது என்று? நான்கு மாதமாக அந்தப் பார்வையோடுதான் இருக்கிறேன். கம்பம் முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது.

தொடங்கி வைத்தவர் மருத்துவர். உனக்கு மைன்ஸில் கன்வேயர் பெல்ட் வேலை, எனக்கு ஸ்டோர்ஸ் ஆபீசில் நாற்காலி வேலை. குவார்ட்டர்ஸில் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இருபது வருடம் குடியிருந்ததாலோ என்னவோ, மெடிக்கல் செக்கப்புக்கும் ஒரே நாளில் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் தொண்ணூற்றைந்து கிலோ. "வேற ஒண்ணும் இல்லை. ஆளுக்கு இருபது கிலோ அதிகம். ஓடுங்க" என்றார்.

"எங்க டாக்டர்?" என்று நீ கேட்டாய்.

டவுன்ஷிப் சாலைகளை அளவுகோல் வைத்துப் போட்டிருக்கிறார்கள். மற்ற ஊர்களில் ஓடத் தொடங்குகிறவனுக்கு ஒரு திருப்பத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டு நடக்கிற வசதி உண்டு. இங்கே கிடையாது. நாம் எவ்வளவு தூரம் ஓடவில்லை என்பது அடுத்த பிளாக் வரைக்கும் தெரிந்தது. முதல் நாள் நான்கு கம்பம் ஓடி, ஐந்தாவதைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முதல் ஷிப்ட் பஸ் நம்மைத் தாண்டும்போது ஜன்னலிலிருந்து ஒருவன் கத்தினான்: "இன்னா மாமா, பஸ்ஸ வுட்டுட்டீங்களா? ஏறிக்கிங்க!"

"போடா, நாங்க ஒடம்ப எறக்கிகினு வரோம்!" என்று மூச்சு வாங்கியபடி பதில் சொன்னாய். எனக்கு அந்த நேரத்தில் என் பெயரே வாயில் வரவில்லை. நீ வசனம் பேசினாய்.

எடை பார்க்க என் வீட்டில் மெஷின் இருந்தது. உனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்றதும் பரணில் போட்டுவிட்டேன். "வூட்டு மெஷினு வூட்டுக்காரன் பேச்ச கேக்கும்யா. வேபிரிட்ஜிதான் கரெக்டு. லாரிக்காரனே அதுகிட்ட பொய் சொல்ல முடியாது." உன் ஊர்க் காடாம்புலியூர்த் தோப்பிலிருந்து முந்திரிக்கொட்டை ஏற்றி அனுப்பிய காலத்திலிருந்து, பண்ருட்டி சாலையில் இருக்கும் அந்த எடைமேடைமேல் உனக்கு ஒரு பக்தி. நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகிற கரும்பு லாரிகளுக்கு நடுவே போய் வரிசையில் நின்றோம்.

நீ தனியாக ஏறினாய். பூஜ்யம் காட்டியது. குதித்துப் பார்த்தாய். அப்போதும் பூஜ்யம். சீட்டு அடிக்கிற பெண், திருவதிகையிலிருந்து வருகிறவள், ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"குதிக்காதீங்க சார்! ஒத்த ஆளுன்னா மெஷினு கண்டுக்காதுங்க. தூசி கீசின்னு நெனச்சிக்கும். ரெண்டு பேரும் சேந்து ஏறுங்க, பாப்பம்."

ஏறினோம். நூற்றுத் தொண்ணூறு.

"வண்டி நம்பர் கேக்குதுங்களே, இன்னான்னு போடறது?"

"கால்நடைன்னு போடும்மா" என்றாய்.

அவள் சிரித்து முடித்து, சரக்கு என்ற இடத்தில் பலா என்று அடித்தாள். அப்போது சீசன். சீசன் முடிந்த பிறகும் மாற்றவில்லை.

நூற்றுத் தொண்ணூறை இரண்டால் வகுத்தவன் நான். தொண்ணூற்றைந்து வந்தது. மருத்துவர் சொன்னதும் அதுதான். தவறான கணக்கு எதுவும் முதல் தடவை தவறாக வருவதில்லை. அதன் பிறகு மாதம் ஒரு ஞாயிறு அங்கே ஓடிப் போய், சேர்ந்து ஏறி, சீட்டு வாங்கி, எதிர்க்கடையில் ஆளுக்கு நான்கு வடை தின்று, பஸ்ஸில் திரும்பினோம். நூற்று எண்பது வந்தது. "ஆளுக்கு அஞ்சு" என்றேன். நூற்று எழுபது வந்தது. "ஆளுக்குப் பத்து."

என் பேன்ட் தளரவில்லை. இதை நான் கவனிக்காமல் இல்லை. கொழுப்பு தசையாக மாறுகிறது, தசைக்கு இடம் வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். படித்தவனுக்கு விளக்கம் கிடைக்காமல் போவதே இல்லை. நீயோ ஆணியைச் சுத்தியால் அடித்து பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டே வந்தாய். அந்தச் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். எனக்குப் பொறாமையாக இருந்தது.

மார்கழியில் ஒருநாள் ஓடிவிட்டுத் திரும்பும்போது உன் மனைவி வளர்மதி கேட்டுக்கு வந்தார். நீ உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"அண்ணே, இவரு எளச்சிகினே போறாருண்ணே."

இளைப்பது என்ற சொல்லுக்கு நம் காலத்திலேயே பொருள் மாறிவிட்டது. முன்பெல்லாம் இளைத்துவிட்டாய் என்று ஒருவர் சொன்னால், அடுத்த வார்த்தை "ஒடம்புக்கு என்ன?" என்பதாக இருக்கும். இப்போது "எப்படி?" என்று கேட்கிறார்கள். டவுன்ஷிப் முழுவதும் உன்னிடம் புதுப் பொருளில் பேசிக்கொண்டிருந்தது. வளர்மதி ஒருவர்தான் பழைய பொருளில் சொன்னார். நான் திருத்தினேன்.

"அதுக்குத்தானேம்மா ஓடுறோம்?"

"தட்டுல போட்டதுல பாதி அப்படியே கெடக்குதுண்ணே."

"அது கட்டுப்பாடு, தங்கச்சி."

"நீங்க எளைக்கலியே?"

"நானும் பதினஞ்சு கிலோ குறைஞ்சிருக்கேன்" என்றேன். முந்தின ஞாயிறுதான் நூற்று அறுபது வந்திருந்தது. வளர்மதி என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். பிறகு "சரிங்கண்ணே" என்றார்.

பொங்கலுக்கு பிளாக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, இருவரும் சேர்ந்து முப்பது கிலோ குறைத்த வரலாற்றைச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து எவனோ, "சார், உங்க பதினஞ்சு எங்கேருந்து போச்சு?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நான் தசையைப் பற்றித் தொடங்குவதற்குள் நீ மைக்கை வாங்கி, "அவருக்கு உள்ளார கொறஞ்சிருக்குதுங்க" என்று காப்பாற்றினாய்.

அந்த வாரங்களில்தான் நீ பின்தங்க ஆரம்பித்தாய். "நீ முன்னால போய்கினே இரு, நான் வரேன்" என்பாய். ஐந்தாவது கம்பத்தில் உன்னை முந்துவேன். இருபது வருடத்தில் எதிலும் உன்னை முந்தாதவன். சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்துவிட்டு இந்த மடலை எழுத முடியாது. நீ செத்துக்கொண்டிருந்தாய், நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எனக்கு முட்டி வலி வந்தது. ஆஸ்பத்திரியில் சிஸ்டர் காலணியைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்னார். முள் தொண்ணூற்றாறில் நின்றது.

"மெஷின் ரிப்பேருங்க சிஸ்டர்."

அவர் என்னை இறக்கிவிட்டுத் தான் ஏறிப் பார்த்தார். "எனக்குச் சரியாத்தான் காட்டுது. உங்களுக்கு எவ்வளவு வேணும்?"

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். நூற்று அறுபதில் தொண்ணூற்றாறு போனால் அறுபத்து நான்கு. மூன்றாம் வகுப்புக் கணக்கு. மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் அறுபத்து நான்கு. என் வாழ்நாளில் நான் மிக வேகமாக ஓடியது அன்றைக்குத்தான், முட்டி வலிக்குக் காட்டப் போனவன்.

நீ வாசலில் நாற்காலி போட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாய்.

"யோவ், எனக்கு ஒரு கிலோகூடக் குறையலய்யா."

"தெரியும்" என்றாய்.

"எப்போலேருந்து?"

"ரெண்டாவது சீட்டுலயே. என் பெல்ட்டுல ஓட்டை ஏறிகினே போவுது, உனக்குப் பட்டன் தெறிக்குது. கொறஞ்சது பூரா என்னுதுதான். நீ வூட்டுக்கு வூடு சொல்லி சந்தோஷமா இருந்த. பாதி உன்னுதுன்னே இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

உன் முகத்தில் இருந்தது பெருமை. அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. முப்பது கிலோவையும் ஓடியே குறைத்துவிட்டதாக நீ நினைத்தாய். அதில் பதினைந்தை நண்பனுக்கு விட்டுக்கொடுத்த திருப்தி வேறு உனக்கு. கழுத்தெலும்புக்கு மேலே உன் சட்டைக் காலர் தனியாக நின்றது. அதை அன்றைக்குத்தான் பார்த்தேன். தினமும் பார்த்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நான் ஓடின அதே தூரந்தானய்யா நீயும் ஓடின? அதே வடையத்தான தின்ன?" என்று கேட்டேன்.

உனக்குப் பின்னால் நிலைப்படியில் வளர்மதி நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் மூவரும் போனோம். "எத்தனை மாசமா எடை குறையுது?" என்று மருத்துவர் கேட்டார்.

"கொறையல டாக்டர். கொறச்சிகினு இருக்கறேன்" என்றாய்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு உன்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒரு எழுத்து வித்தியாசத்தில்தான் ஏழு மாதம் போயிருக்கிறது என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குத்தான் தமிழ் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரைப்பையில் கட்டி. புதுச்சேரியில் பெரிய மருத்துவர், குற்றம் சொல்கிற குரலே இல்லாமல், "ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா செய்யறதுக்கு நிறைய இருந்தது" என்றார். ஆறு மாதம் முன்பு வந்த இரண்டாவது சீட்டில் கீழே என் கையெழுத்தில் "ஆளுக்கு 5" என்று எழுதியிருக்கிறது. அவரிடம் நான் அதைக் காட்டவில்லை.

மூன்று மாதம் இருந்தாய். பார்க்க வந்தவர்கள் எல்லாம் கூரையைப் பார்த்துப் பேசினார்கள். நீ என்னிடம் சொன்னாய்: "இப்ப நீ கூட ஏறினாலும் வேபிரிட்ஜி என்ன கண்டுக்காதுய்யா." நான் சிரித்தேன். சிரிக்காவிட்டால் நீ அதை மறுபடி சொல்வாய் என்று தெரியும். காடாம்புலியூரில் உன்னைத் தூக்கிய நால்வரில் நான் ஒருவன். தோளில் மூங்கிலின் கனம் மட்டும்தான் தெரிந்தது. பின்னால் வருகிறவர்கள் சரியாகப் பிடித்திருக்கிறார்களா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து, வளர்மதியிடம் சொல்லிவிடுவது என்று போனேன். எனக்குப் பதினைந்து கிலோ குறையவே இல்லை, மார்கழியில் அவரிடம் சொன்னது பொய்யாகப் போய்விட்டது என்று தொடங்கினேன். முடிக்க விடவில்லை.

"தெரியுண்ணே. உங்க பேண்ட்டு தெனமும் கொடியில காயுதே, பாத்துகினுதானே இருந்தேன். ஒரு பேண்ட்டுகூடப் புடிச்சித் தெக்கல."

"பிறகு ஏம்மா அன்னைக்குச் சரின்னு சொன்ன?"

வளர்மதி என் காலைப் பார்த்தார்.

"படிச்சவரு சொல்றீங்களேன்னுதான்."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். தன் கண்ணால் பார்த்ததை என் வார்த்தைக்காகத் தள்ளி வைத்திருக்கிறார். அதைக் காரணம் கேட்டவனுக்குக் காரணமாகச் சொன்னார், அவ்வளவுதான். நான் வீட்டுக்கு வந்தேன். புத்தக அலமாரி இருக்கும் அறைக்குள் அன்று முழுவதும் போகவில்லை.

மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "அண்ணே, ஓடறத நிறுத்திட்டீங்களா? நிறுத்தாதீங்க. ஆனா எடை தனியா போட்டுக்குங்க."

ஓடுகிறேன். ஆஸ்பத்திரி மெஷினில், தனியாக, காலணி இல்லாமல். சென்ற வாரம் தொண்ணூற்றிரண்டு. முதல்முறையாக உண்மையிலேயே நான்கு கிலோ குறைந்திருக்கிறது. மருத்துவர் கைகுலுக்கினார். எல்லாப் பரிசோதனையும் எழுதித் தாருங்கள் என்றேன். ஏன் என்றார். இளைத்திருக்கிறேன் என்றேன்.

ரிப்போர்ட் இன்று வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். நான் அதை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் மூன்று மாதத்தில் வளர்மதி ரிப்போர்ட் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். எந்த எண் எங்கே நிற்க வேண்டும், எது தாண்டக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை ஓட்டி, மூன்று பக்கத்தையும் பார்த்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"இது ஓடினதால கொறஞ்சதுதாண்ணே" என்றார்.

அதன் பிறகுதான் உட்கார்ந்தேன்.